பரண்மேல் சீனிப் பாட்டில்

"பாதிப் பாட்டில் கெடக்குன்னு சொன்னியேக்கா, இருக்கா?"

"கெடக்கு. பரண் மேல, பூண்டுக் கத்தைக்குப் பக்கத்துல. எப்பருந்து காய்ச்ச?"

"நேத்து சாயங்காலத்துலருந்து. இருமிக்கிட்டே கெடக்கா. பஸ்ஸுல கூட்டிட்டுப் போலாம்னா இவரு கெழங்கு தோண்டுற சோலியில நிக்கிறாரு. ஒம்மகனுக்கு இந்த மருந்துலதான சரியாச்சு?"

"ரெண்டே நாள்ல எந்திரிச்சு ஓடுனான். இந்தா. காலையில ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி குடு."

"கேட்டவொடனே தூக்கிக் குடுக்குறியே. ஒனக்கு வேணாமா?"

"கேட்டா இல்லைன்னா சொல்லப்போறேன்? போ, வெரசாப் போய்க் குடு."

இரண்டு வருடத்துக்கு முந்தைய பேச்சு. வடிவுக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. கேட்டவள் அவளுடைய ஓரகத்தி விசாலாட்சி. காய்ச்சலில் கிடந்தது விசாலாட்சியின் ஒரே மகள், ஐந்து வயது தமிழ்மதி. அந்த மருந்தைக் கலக்கி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை மாதமும் அது அடுப்புக்கு நேர் மேலே, பூண்டுக்குப் போடுகிற புகையில், சூட்டில் கிடந்தது. அதைப் பற்றி இரண்டு பேருக்குமே அன்றைக்கு எதுவும் தோன்றவில்லை.

பூண்டி மலையில் விதைப்பூண்டு கேட்டு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். ஒரு வீட்டில் விதை அழுகிவிட்டால் அடுத்த வீட்டுப் பரணிலிருந்து ஒரு கத்தை இறங்கும். இல்லை என்று சொன்ன வீட்டுப் பூண்டு அடுத்த மழைக்குத் தாங்காது என்பது ஊரின் நம்பிக்கை. மருந்தும் அப்படித்தான் கைமாறிக்கொண்டிருந்தது. கொடைக்கானலுக்குப் போய்வர ஒரு நாள் வேலை கெட்டுவிடும். அதனால் மீந்த மாத்திரையும் மீந்த சிரப்பும் விதை மாதிரிப் பரணில் ஏறும், கேட்டவர்களுக்கு இறங்கும்.

தமிழ்மதிக்கு முதல் நாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது போலிருந்தது. சரியாகிவிடும் என்று இரண்டு நாள் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஜீப்பில் கொடைக்கானலுக்கு ஓடினார்கள். அங்கிருந்து கீழே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தப் பாட்டிலால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விசாலாட்சி அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கழுவி, துடைத்து, உள்ளே இரண்டு கரண்டி சீனி போட்டிருந்தாள். வாங்கிய ஏனத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் அவர்களிடம் இல்லை. "இந்தாக்கா, ஒன் பாட்டில்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். வடிவு அதை எடுத்த இடத்திலேயே வைத்தாள். அதன் பிறகு தொடவில்லை. சீனி புகை பிடித்துப் பழுப்பாகி, இறுகிக் கல்லாகிவிட்டது. தூக்கி எறியவும் கை வரவில்லை. சோறு வடிக்கும்போது சில சமயம் தலையை நிமிர்த்தாமலேயே அது அங்கே இருப்பது தெரியும், முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிவதைப் போல.

அதைவிடப் பொறுக்க முடியாதது விசாலாட்சியின் குரல்தான்.

விசாலாட்சி வாய்க்கு ஊரே பயப்படும். கேரட் தோட்டத்துக்குள் இறங்கும் காட்டுமாட்டை அதன் பாட்டன் பூட்டன் வரை இழுத்து வைவாள். ஐந்து நிமிடம் தாமதமாக வந்த பஸ் கண்டக்டர் அவளைக் கண்டதும் பின்பக்கப் படிக்கட்டுக்கு ஓடுவார். கட்டிய புருஷனை அவள் வைவதைக் கேட்கவே பெண்கள் குழாயடியில் கொஞ்சம் கூடுதலாக நிற்பார்கள். முன்னெல்லாம் வடிவும் தினம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். "ஏக்கா, சாம்பாரா வச்சிருக்க? மாடு கழனித்தண்ணின்னு மோந்து பாத்துட்டுப் போகுது!" பிள்ளை போன பிறகும் விசாலாட்சி காட்டுமாட்டை வைதாள், கண்டக்டரை வைதாள், தண்ணீர் விடாத பஞ்சாயத்து ஆளை வைதாள். வடிவிடம் மட்டும் மெதுவாகப் பேசினாள். "சாப்ட்டியாக்கா?" "குளிருதுக்கா, உள்ள போ." ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறவரிடம் பேசுகிற குரல் அது. இரண்டு வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு வடிவுக்குள் ஒரு வார்த்தை தொண்டையில் முள்ளாக நின்றது. அதைச் சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அவளே விழுங்கிக்கொண்டாள்.

இப்போது அவளுடைய மகன் சக்திவேலுக்குக் காய்ச்சல்.

ஆறு வயது. அதே இருமல். மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அதைப் பார்த்த கணமே வடிவு புருஷனை உலுக்கினாள். பிரசாந்த் பிக்கப் வேனில் ஏற்றியிருந்த கேரட் மூட்டைகளைப் பாதியில் இறக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

கொடைக்கானலில் டாக்டரம்மா பையனை முதலில் எடை போட்டுப் பார்த்தார். விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார். மார்பிலும் முதுகிலும் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"நெஞ்சுல கிருமி சேர்ந்திருக்கு. நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க, அட்மிட் பண்ண வேண்டியதில்ல. ஆன்டிபயாடிக் தர்றேன். இதுக்கு முன்னாடி இந்த மருந்து குடுத்திருக்கீங்களா? உடம்புல தடிப்பு, முகம் வீங்குறது, அந்த மாதிரி ஏதாவது வந்துச்சா?"

"அதெல்லாம் வரல டாக்டர். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி காதுவலிக்குக் குடுத்தோம்."

"சொன்ன நாள் பூராவும் குடுத்தீங்களா?"

வடிவு புடவைத் தலைப்பைத் திருகினாள். "ரெண்டு நாள்ல சரியாயிருச்சு. நிறுத்திட்டேன்."

"மிச்சத்த என்ன பண்ணீங்க?"

பிரசாந்த் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"கொட்டிட்டேன் டாக்டர்" என்றாள் வடிவு.

டாக்டரம்மா திட்டவில்லை. கண்ணாடிப் பாட்டிலுக்குள் இருந்த தூளைக் குலுக்கிக் காட்டினார். "கொதிக்க வச்சு நல்லா ஆறுன தண்ணிய இந்தக் கோடு வரைக்கும் ஊத்துங்க. குலுக்குங்க. நுரை அடங்குனதும் கோட்டுக்குக் கீழ எறங்கும், திரும்பக் கோடு வரைக்கும் ஊத்துங்க. கரண்டி, மூடியெல்லாம் வேண்டாம், இந்தப் பிளாஸ்டிக் ஊசிக்குழாய்ல அளந்து குடுங்க." குழாயில் பேனாவால் ஒரு கோடு போட்டார். "காலையில ஏழு, சாயங்காலம் ஏழு. ஏழு நாள். காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாது. ஃப்ரிட்ஜ்ல வைங்க."

"ஃப்ரிட்ஜ் இல்லைங்க" என்றான் பிரசாந்த்.

"ஒங்க ஊர்க் குளிருக்கு ஜன்னலோரம் நெழல்ல வச்சாப் போதும். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோயிராதீங்க. ஏழு நாளுக்கு மேல ஒரு சொட்டு மிஞ்சினாலும் யாருக்கும் குடுக்காதீங்க, இங்க கொண்டாந்து குடுத்துருங்க. தடிப்பு வந்தாலோ, மூச்சு இன்னும் மோசமானாலோ உடனே தூக்கிட்டு வரணும், பஸ்ஸு கிஸ்ஸுன்னு நிக்கக் கூடாது. எப்படியிருந்தாலும் நாளன்னைக்கு ஒரு தடவ காட்டுங்க."

திரும்பி வரும் வழியில் மூடுபனி கண்ணாடியை அப்பியது. பிரசாந்த் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவள் முழங்கால்மேல் வைத்தான். கொட்டிவிட்டதாக எதற்குப் பொய் சொன்னாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு முதல் வேளை. கொதித்த தண்ணீரை நன்றாக ஆற வைத்து, கோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மூன்று தடவை சரிபார்த்துக் கலக்கினாள். பாட்டிலுக்குள் அதே ரோஸ் நிறம். அதே செயற்கைப் பழ வாசம்.

"நான் குடுக்கட்டா?" என்றான் பிரசாந்த்.

"வேணாம். இதை யாரும் தொடாதீங்க."

குழாயில் மருந்தை இழுத்தாள். அப்போதுதான் சுவரில் சத்தம் வந்தது.

டொக். டொக். டொக்.

அண்ணன் தம்பி பாகம் பிரிந்தபோது நீள வீட்டை நடுவில் யூகலிப்டஸ் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பலகைச் சுவரின் கீழ்ப்பக்கம், ஒரு பிள்ளை கை எட்டும் உயரத்தில் இருந்து வந்தது சத்தம். தமிழ்மதி அப்படித்தான் தட்டுவாள். மூன்று தட்டு என்றால் "விளையாட வா" என்று பொருள்.

குழாயிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"எலியா இருக்கும்" என்றான் பிரசாந்த்.

போர்வைக்குள் கிடந்த சக்திவேல் கண்ணைத் திறந்தான். "எலி இல்லப்பா. தமிழு" என்றான்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கும் அது வந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கும் வந்தது. பனி இறங்கி, எதிர்த்த வீடுகூடத் தெரியாமல் வெள்ளையாகக் கிடந்த மூன்றாம் நாள் காலையில், பிரசாந்த் வெள்ளனே லோடு ஏற்றப் போயிருந்தான். வடிவு அடுப்படியில் தனியாக நின்றாள். ஏழு அடிக்க ஒரு நிமிடம் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். டொக். டொக். டொக். அவள் பரணைப் பார்த்தாள். பழுப்புச் சீனிப் பாட்டில் அவளைப் பார்த்தது. "குடுக்கிறேன் கண்ணு. இந்தத் தடவ பூராவும் குடுக்கிறேன்" என்று பலகைச் சுவரைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள்.

அன்று கொடைக்கானலில் காட்டியபோது மூச்சு சீராகிவிட்டது என்றார் டாக்டரம்மா. மீதி நாளையும் விடாதீர்கள் என்று அனுப்பினார்.

நான்காம் நாள் சக்திவேல் எழுந்து உட்கார்ந்து, வறுத்த கிழங்கு வேண்டும் என்று அழுதான். காய்ச்சல் இல்லை. பத்து மணிக்குப் பக்கத்து லைன் வீட்டுப் பிரியா வந்து வாசலில் நின்றாள். இடுப்பில் மூன்று வயது சௌம்யா, மூக்கு ஒழுக ஒழுக.

"வடிவக்கா, ஒம்பையனுக்குச் சரியாயிருச்சுல்ல? அந்த ரோஸ் மருந்து மிச்சம் கெடக்குமே, குடேன். இதுக்கு ராவெல்லாம் மூக்கடைப்பு, காய்ச்ச வேற."

வடிவின் கை தானாகவே ஜன்னல் பக்கம் நீண்டது. கேட்டால் இறக்கிக் கொடுத்துப் பழகிய கை. பாட்டிலின் குளிர்ச்சி விரலில் பட்டது.

டொக். டொக். டொக்.

ஏழு மணி இல்லை. பட்டப்பகல் பத்து மணி. வடிவு சுட்டதைப் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"இல்ல பிரியா. தரமாட்டேன்."

பிரியாவுக்கு முகம் சிறுத்துப் போனது. இந்த ஊரில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. "மிச்சந்தானக்கா கேட்டேன். ஒஞ்சொத்தையா கேட்டேன்?"

"மிச்சம் இல்ல. இன்னும் நாலு நாளு குடுக்கணும். இருந்தாலும் தரமாட்டேன். இது அவன் எடைக்கு அளந்த மருந்து. ஒம்மகளுக்கு என்ன சீக்குன்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெரியாஸ்பத்திரிக்கு வேணாம், டாக்டரம்மாகிட்டயாவது காட்டிரு."

"அடேங்கப்பா! அன்னைக்கு விசாலாட்சிக்கு மட்டும் தூக்கிக் குடுத்தியே? சொந்தம்னா ஒரு ஞாயம், நாங்கன்னா ஒரு ஞாயமா?"

பிரியா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கோபத்தில் நாக்கு முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் பலகைச் சுவர் மெல்லியது. இரண்டு வருடமாக யாரும் எடுக்காத பேச்சு முற்றத்தில் வந்து நின்றது.

"ஆமா, குடுத்தேன்" என்றாள் வடிவு. தன் குரல் தனக்கே யாருடையதோ போலக் கேட்டது. "ஒன்றரை மாசம் அடுப்பு மேல வெந்த மருந்து. மூடியில அளந்து குடுன்னு நாந்தான் சொன்னேன். கொஞ்சம் தேவலாமப் போனதால ரெண்டு நாளு அந்தப் பிள்ளைய யாரும் தூக்கிட்டு ஓடல. அதான் ஒனக்குத் தரமாட்டேன். போதுமா?"

பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. விசாலாட்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி பிரியா, மூக்கொழுகுற பிள்ளைய இந்தப் பனியில தலையில ஒரு துணிகூடக் கட்டாமத் தூக்கிட்டு வந்து ஞாயம் பேசிக்கிட்டு நிக்கிறியே, நீ பெத்தவளா, சந்தையில வாங்குனவளா? மருந்து கேக்க வந்துட்டா மருந்து, ஊறுகா கேக்குற மாதிரி! ஏ மச்சான்! வண்டி இன்னும் கெளம்பலையா? அந்த மூட்டையக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிற நேரத்துல கேரட்டு மொளச்சிரும்! இவளயும் பிள்ளையயும் முன்னாடி ஒக்காரவச்சு டாக்டர்கிட்ட எறக்கிவிடு!"

ரோட்டில் நின்ற பிரசாந்த் வண்டிக் கதவைத் திறந்தான். பிரியா முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். வண்டி வளைவில் மறைந்து, பனி மூடிக்கொண்டது.

முற்றத்தில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது வசவு வரும் என்று தோள் இரண்டையும் இறுக்கிக்கொண்டாள்.

"நீ உள்ள போக்கா" என்றாள் விசாலாட்சி, அதே மெதுவான குரலில். "குளிருது."

சாயங்காலம் பிரியா திரும்பி வந்தபோது ஊரே கேட்கப் புலம்பினாள். "மெனக்கெட்டுப் போனா, வெறுஞ்சளியாம்! இதுக்கு அந்த மருந்தே வேலை செய்யாதாம். காய்ச்ச மருந்து மட்டும் அளந்து குடுங்க, தண்ணி, கஞ்சி நெறயக் குடுங்கன்னு அனுப்பிட்டாங்க. மூச்சு வாங்குனா வரணுமாம்!" புலம்பலுக்கு நடுவே வடிவு வீட்டு வாசலில் ஒரு பாக்கெட் ரொட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள். ஆறாம் நாள். ஏழாம் நாள். தட்டு நிற்கவில்லை. வடிவுக்குப் பயம் போய், அதைக் கேட்காவிட்டால்தான் பயம் என்றாகிவிட்டது.

பதினான்காவது வேளை, கடைசி வேளை, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு. முந்தின நாள் சாயங்காலமே பனி விலகியிருந்தது. வெயில் ஜன்னல் வழியாக நேராகப் பாட்டிலின்மேல் விழாதபடி அவள் ஒரு துணியைத் தொங்கவிட்டிருந்தாள். மணி ஏழானது. குழாயில் மருந்தை இழுத்தாள். சுவரைப் பார்த்தாள்.

சத்தம் வரவில்லை.

வடிவு குழாயைப் பிடித்தபடியே நின்றாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வாசலில் நிழல் விழுந்தது. விசாலாட்சி நிலைப்படியில் நின்றாள்.

"கடைசி வேளைல்ல. நேர்ல பாக்கலாம்னு வந்தேன்" என்றாள்.

வடிவு மகனின் கன்னத்தோரமாகக் குழாயை வைத்து, மெதுவாக அழுத்தினாள். அவன் விழுங்கி, முகத்தைச் சுளித்து, "முடிஞ்சுச்சா?" என்று கேட்டுவிட்டு வெளியே ஓடினான். பாட்டிலின் அடியில் ரோஸ் நிறத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க அதை ஒரு பையில் போட்டுக் கட்டினாள்.

"நீதானா தட்டுனது?"

"பின்ன யாரு?" விசாலாட்சி பலகைச் சுவரின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தாள். "மறந்துருவியோன்னு இல்ல. காய்ச்ச விட்டதும் நிறுத்திருவியோன்னு பயமா இருந்துச்சு. நேரா வந்து சொல்ல வாய் வரல. அவ தட்டுற மாதிரித் தட்டுனா நீ நிறுத்த மாட்டன்னு தோணுச்சு. அன்னைக்குப் பிரியா கேட்டப்பவும் அதான் தட்டுனேன். முட்டி போட்டு ஒக்காந்து தட்டுவேன். தட்டுறப்ப கொஞ்ச நேரம் அவ கை மாதிரியே இருக்கும்."

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. யாரும் இறக்கவில்லை.

"பெரியாஸ்பத்திரியில டாக்டரு எங்கிட்டக் கேட்டாருக்கா" என்றாள் விசாலாட்சி. "வேற மருந்து எதாவது குடுத்தீங்களான்னு மூணு தடவ கேட்டாரு. இல்லைன்னுட்டேன். ஒம் பேரு வந்துருமேன்னு. சொல்லியிருந்தா வேற மருந்த மொதல்லயே போட்டிருப்பாரோ என்னமோ. நெதம் அதத்தான் நெனக்கிறேன்."

"நானும் டாக்டரம்மாகிட்டக் கொட்டிட்டேன்னு சொன்னேன்" என்றாள் வடிவு. "குடுத்தேன்னு சொல்ல வரல."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பூண்டுக் கத்தைகளுக்கு நடுவிலிருந்து அந்தப் பழைய பாட்டிலை இறக்கினாள். கரி அப்பியிருந்தது. உள்ளே சீனி அசையவில்லை.

"இது எதுக்கு விசா? அன்னைக்குக் குடுத்தியே. என்ன நெனச்சுக் குடுத்த?"

"வெறும் பாட்டிலக் குடுக்கக் கூடாதுல்ல" என்றாள் விசாலாட்சி. "வேற என்ன போடுறதுன்னு தெரியல." அப்புறம் அந்த மெதுவான குரல் வந்தது. "கீழ எறங்குக்கா. விழுந்துரப் போற."

வடிவு இறங்கினாள். பாட்டிலை இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்தாள்.

"விசா, ஒண்ணு கேக்குறேன். இல்லைன்னு சொல்லக் கூடாது."

"கேளு."

"ரெண்டு வருசமாக் கேக்கணும்னு கெடக்கேன். காட்டுமாட்ட வையிற. கண்டக்டர வையிற. ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்ல." வடிவு அவள் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். "என்னையும் வைஞ்சிரு விசா. ஒரே ஒரு தடவ. வாய் நெறைய வைஞ்சிரு."